சீசியமா, ஸ்ட்ரான்ஷியமா, அலுமினியமா: எந்த அணுக்கடிகாரம் எதில் பிசகும்?

அமெரிக்காவின் போல்டர் நகரில், நிஸ்ட் (அந்நாட்டு அரசின் அளவீட்டு நிறுவனம்), ஜிலா (நிஸ்டும் கொலராடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது) ஆய்வகங்களுக்குள் இந்த மூன்று வகைகளும் இருக்கின்றன. துல்லியத்தில் எது முதல் என்றால், 2025-இல் நிஸ்ட் அறிவித்த அலுமினிய அயனிக் கடிகாரம். பிழை வரம்பு 5.5 × 10⁻¹⁹. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தேர்வு செய்ய நான் தயாரில்லை.

முதலில் வெப்பம். அறையின் சுவர்கள் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். அவை அணுவின் அதிர்வெண்ணை, அதாவது கடிகாரம் எண்ணும் துடிப்பின் வேகத்தை, சற்றே நகர்த்திவிடும். சீசியத்தில் இந்த நகர்வு சுமார் 1.7 × 10⁻¹⁴. ஸ்ட்ரான்ஷியத்தில் 5 × 10⁻¹⁵. அலுமினியத்தில் வெறும் சில 10⁻¹⁸ தான். நகர்வு வேறு, பிழை வேறு என்பதை இங்கே மறக்கக் கூடாது. எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்தால் கழித்துவிடலாம். அந்தக் கணக்கில் மிஞ்சும் சந்தேகம்தான் பிழை. நொடியின் வரையறை 0 கெல்வினில் (வெப்பமே இல்லாத நிலையில்) உள்ள சீசியம் அணுவுக்கானது என்பதால் கழித்தே ஆகவேண்டும். நிஸ்ட்-எஃப்2 என்ற சீசியம் கடிகாரத்தில் அணுக்கள் பறக்கும் குழாயையே திரவ நைட்ரஜனால் −193 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துவிட்டார்கள். ஸ்ட்ரான்ஷியத்திலோ அணுக்கள் இருக்கும் வெற்றிடக் கலத்தின் வெப்பநிலையை மிக நுணுக்கமாக அளந்தாக வேண்டும்.

சரி, அலுமினியத்துக்குத் தொல்லையே இல்லையா? உண்டு. அயனியைப் பிடித்து வைக்கும் பொறியின் மின்புலத்தில் அது நடுங்கும். நடுங்கினால் சார்பியல்படி அதன் நேரம் மெதுவாகும். பொறியின் வைரத் தகட்டைத் தடிமனாக்கி, தங்கப் பூச்சைச் சரிசெய்துதான் இதை அடக்கினார்கள். எஃகுக் கலத்திலிருந்து கசியும் ஹைட்ரஜன் அயனியை மோதும் என்பதால் கலமும் டைட்டானியத்துக்கு மாறியது.

சீசியம் நீரூற்றில் (அணுக்களை மேலே எறிந்து விழவிடும் கடிகாரம்) அணுக்களே ஒன்றையொன்று மோதிக்கொள்ளும். ஸ்ட்ரான்ஷியத்தில் அணுக்களைப் பிடித்து வைக்கும் லேசரே அதிர்வெண்ணைக் கெடுக்கும். ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெடோஷி கதோரி முன்மொழிந்த ‘மாய அலைநீளம்’ (சுமார் 813 நானோமீட்டர்) அதைப் பெரும்பாலும் ரத்து செய்கிறது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

அப்புறம் காத்திருப்பு. ஸ்ட்ரான்ஷியத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் சாட்சி சொல்கின்றன. அலுமினியத்தில் ஒரே ஒரு அயனி. 19-ஆம் தசம இடத்தை எட்ட அதற்கு மூன்று வாரச் சராசரி தேவைப்பட்டது. ஜிலாவின் நிலையான லேசரைக் கண்ணாடி இழைவழி வாங்கிய பிறகு ஒன்றரை நாளாகக் குறைந்தது.

புவியீர்ப்பு மூன்றுக்கும் பொது: 1 செ.மீ. உயர்த்தினால் சுமார் 10⁻¹⁸ வேகம் கூடும். சீசியத்துக்கு இந்தச் சென்டிமீட்டர் கணக்கு உறைக்காது. மற்ற இரண்டுக்கும் உறைக்கும். இதையே பயனாக்கி, டோக்கியோ ஸ்கைட்ரீயில் சுமார் 450 மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு ஸ்ட்ரான்ஷியம் கடிகாரங்களை ஒப்பிட்டு, 2020-இல் முடிவை வெளியிட்டது கதோரியின் குழு. விரைவில் விடை வேண்டிய இப்படிப்பட்ட வேலைக்கு என் ஓட்டு ஸ்ட்ரான்ஷியத்துக்கே. அதிகாரபூர்வ நொடிக்கு மட்டும், வரையறை மாறும்வரை சீசியத்தை விட்டால் வேறு வழியில்லை.