வால்வு டைமிங் சோலனாய்டு: மீட்டரா, நேரடி மின்சாரமா, இடம் மாற்றுவதா, ஸ்கேனரா?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0011 என்ற கோளாறுக் கோடைக் காட்டுகிறது. உடனே பலரும் புது வால்வு டைமிங் சோலனாய்டு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வண்டிகளில் அதோடு பிரச்சினை தீரும். பல வண்டிகளில் கொஞ்ச நாளில் அதே கோட் திரும்ப வந்து நிற்கும். ஏனென்றால் பி0011 எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்வதில்லை. இன்டேக் கேம்ஷாஃப்ட் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இருக்க வேண்டிய கோணத்தைவிட முன்னால் நிற்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். பி0012 என்றால் பின்தங்கி நிற்கிறது. பி0010 வேறு ரகம். அது ஒயர், கனெக்டர், சோலனாய்டின் காயில் (கம்பிச் சுருள்) அடங்கிய மின்சுற்றில் கோளாறு என்று சொல்வது. சோலனாய்டைச் சோதிக்கும் நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது என்பதை இந்த வேறுபாடே பாதி முடிவு செய்துவிடும்.

சோலனாய்டு செய்வது சின்ன வேலைதான். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற சின்ன உருளை நகர்ந்து, ஆயிலை ஃபேசரின் (கேம்ஷாஃப்டின் முனையில் இருந்து அதன் கோணத்தை மாற்றும் பாகம்) இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும். கேமைத் திருப்பும் பலம் ஆயில் பிரஷருடையது. அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைவாகவோ, தார் போலக் கெட்டியாகவோ, தயாரிப்பாளர் சொன்ன கிரேடு இல்லாமலோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மல்டிமீட்டர் சோதனை மலிவானது, ஐந்து நிமிட வேலை. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் 7 ஓம் அளவில் இருக்கும். சரியான எண் அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். சூடான எஞ்சினில் அளந்துவிட்டு அதிகம் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். 20 டிகிரியில் 7 ஓம் உள்ள செம்புக் காயில் 100 டிகிரியில் 9 ஓமைத் தாண்டும், அது இயல்புதான். பி0010-க்கு இதுவே முதல் சோதனை. பி0011-க்கு இது போதவே போதாது. ஸ்பூல் கசடில் இறுகிக் கிடந்தாலும் மீட்டர் அதே நல்ல எண்ணைத்தான் காட்டும்.

அடுத்தது, சோலனாய்டைக் கழற்றி 12 வோல்ட் நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பது. 'டிக்' என்று சத்தம் வந்ததும் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கவாட்டுத் துளைகள் வழியாக உற்றுப் பாருங்கள். ஸ்பூல் முழுத் தூரமும் போகிறதா, மின்சாரத்தை எடுத்ததும் மொத்தமாகத் திரும்புகிறதா? சத்தம் போட்டுவிட்டுப் பாதி வழியில் நிற்கும் ஸ்பூல்கள் உண்டு. ஓரிரு விநாடிக்கு மேல் கொடுக்க வேண்டாம், காயில் சூடேறிவிடும். மேனுவல் அனுமதித்தால் இதையே மாட்டிய நிலையில், ஐட்லில் ஓடும் எஞ்சினின் இன்டேக் சோலனாய்டுக்கும் செய்யலாம். எஞ்சின் தடுமாற வேண்டும், அல்லது நின்றுபோக வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் ஸ்பூல், ஆயில் வழி, ஃபேசர் இவற்றில் ஒன்று அடைபட்டிருக்கிறது.

இன்டேக், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) இரண்டின் சோலனாய்டுக்கும் ஒரே பார்ட் நம்பர் என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதுதான் வீட்டில் வேலை பார்ப்பவருக்கு நான் சொல்லும் வழி. ஸ்கேனரில் கோட்-ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0011 போய், எக்ஸாஸ்ட் பக்கத்தைச் சொல்லும் பி0014 அல்லது பி0015 வந்தால் சோலனாய்டுதான் குற்றவாளி. பி0011 அசையாமல் இருந்தால் சோலனாய்டுக்குச் செலவு செய்யாதீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கழற்றி மாட்டும்போது சிக்கியிருந்த துகள் விலகி, கோட் இரண்டு பக்கமும் வராமல் போகலாம். அப்படி நடந்தால் சோலனாய்டு தப்பித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது உட்காரும் குழியையும், சில எஞ்சின்களில் தனியாக இருக்கும் சின்ன வலை ஃபில்டரையும் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

நான்கில் நான் அதிகம் நம்புவது ஸ்கேனர் காட்டும் லைவ் டேட்டாவைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கம்ப்யூட்டர் கேட்ட கோணத்தையும் கேம் உண்மையில் நிற்கும் கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது இது ஒன்றுதான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நல்ல நிலையில் இரண்டு எண்களும் சேர்ந்தே ஓடும். கேம் தாமதமாக இழுபட்டு வந்தால் ஆயில் பிரஷரையும் கசடையும் சந்தேகிக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் ஸ்பூலோ ஃபேசரோ இறுகியிருக்கிறது. ஆனால் சாதாரண கோட் ரீடரில் இந்த எண்கள் வருவதில்லை, இந்த வசதி உள்ள ஸ்கேனர் வேண்டும்.

கம்ப்யூட்டர் எதுவும் கேட்காதபோதே கேம் சில டிகிரி விலகி அப்படியே நின்றால், கூடவே கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016-உம் வந்தால், சோலனாய்டை விட்டுவிட்டு அந்த இரண்டையும் இணைக்கும் டைமிங் செயினைப் பாருங்கள். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தாண்டியிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தமும் கேட்டால், செயின் கவரைத் திறந்து பார்க்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.