தீபாவளிப் பெட்டிக்குப் பாகிஸ்தானிக் கடையா, குஜராத்திக் கடையா?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு மைசூர்பாகும் முறுக்கும் பக்கத்திலேயே கிடைத்துவிடும். அதற்கு நம்மவர் கடைகள் போதும். ஆனால் அலுவலகத்துக்கோ அண்டை வீட்டுக்கோ நாலைந்து வகை கலந்து ஒரு பெரிய பெட்டி வேண்டும் என்றால் கால்கள் தானாகக் கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பும். அங்கே பாகிஸ்தானி மிட்டாய்க் கடையும் உண்டு, குஜராத்தி சைவ இனிப்புக் கடையும் உண்டு. இரண்டிலும் வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போது பாகிஸ்தானிக் கடையோடு நின்றுவிட்டேன்.

சில விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முந்திரியும் பிஸ்தாவும் ஏற ஏற எங்கேயும் விலை ஏறும். சர்க்கரையும் கலரும் பாகிஸ்தானிக் கடையில் ஒரு படி தூக்கல். சம்சம் என்கிற பால் இனிப்பு பச்சை, ரோஸ், மஞ்சள் என்று வரிசை கட்டி நிற்கும். காரத்துக்குக் குஜராத்திக் கடையை அடிக்க ஆளில்லை. காட்டியா, டோக்ளா வாங்க நான் இன்றும் அங்கேதான் போகிறேன்.

வீட்டில் கண்டிப்பான சைவம் என்றால் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம், குஜராத்திக் கடைதான். பாகிஸ்தானிக் கடையில் பர்ஃபியும் லட்டும் பாலும் மாவும் சர்க்கரையும்தான். ஆனால் அதே கூரையின் கீழ் கீமா (கொத்துக்கறி) சமோசாவும் சிக்கன் பேட்டீஸும் பொரிகின்றன, வேகின்றன. காய்கறி சமோசாவுக்குத் தனி எண்ணெயா என்று கேட்டால் சில கடைகளில் பளிச்சென்று பதில் வரும், சில கடைகளில் ஒரு சிரிப்புதான் வரும். கேக் ரஸ்கில் முட்டை உண்டு. மாமியாரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சரி, இனிப்புக்கு வருவோம். குஜராத்திக் கடையில் மோகன்தாள், பேடா, காஜு கத்லி எல்லாம் சுத்தமாக, அளவாக இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாகிஸ்தானிக் கடையில் என்னை இழுப்பது கோதுமை. ஹப்ஷி ஹல்வா என்று கன்னங்கரேலென்று ஒன்று வைத்திருப்பார்கள். முளைகட்டிய கோதுமை மாவைப் பாலில் போட்டு, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. அதன் உறவுதான் சோஹன் ஹல்வா. முல்தான் நகரத்துக்குப் பேர் வாங்கித் தந்த சரக்கு. வட்டமாக, கெட்டியாக, கடித்தால் பல்லில் ஒட்டும். திருநெல்வேலி அல்வாவில் வளர்ந்த நாக்குக்குக் கோதுமையை இப்படி இன்னொரு ஊர்க்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு சுகம். நம்முடையது வழுக்கிக்கொண்டு போகும், இது நின்று பேசும்.

ஆனால் ருசியை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. என் கணக்கு ஒன்றே ஒன்று: இது எப்போது செய்தது?

கடையில் வாங்கிய பாக்கெட் என்றால் தேதியைப் பார்த்து எடுக்கிறோம். மிட்டாய்க் கடையில் தட்டிலிருந்து எடுத்து நம் கண்முன்னே பெட்டியில் அடுக்கும் இனிப்பில் தேதி எங்கே இருக்கிறது? 2021 அக்டோபர் 1 முதல் இங்கே நடாஷா சட்டம் நடப்பில் இருக்கிறது. எள் இருப்பது தெரியாமல் ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு 2016இல் இறந்துபோன பதின்வயதுப் பெண்ணின் பெயரில் வந்த சட்டம். கடையிலேயே முன்கூட்டிக் கட்டி வைத்து விற்கும் பெட்டியில் முழுச் சேர்மானமும் எழுத வேண்டும், பால், கோதுமை, முந்திரி-பிஸ்தா வகை போன்ற 14 ஒவ்வாமைப் பொருள்கள் தனியாகத் தெரிய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் செய்த தேதியைப் போடச் சொல்லி அது கேட்கவில்லை. நாம் கேட்டபிறகு கட்டித் தரும் பெட்டிக்கு அந்த லேபிளும் கட்டாயமில்லை. கேட்டால் விவரம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, கல்லாவில் நிற்பவரின் வாய்தான் நமக்கு லேபிள்.

பாலில் செய்ததற்கு இது உயிர் போகும் விஷயம். ரசமலாய் அன்றோ மறுநாளோ தீர வேண்டும். பால் பர்ஃபியும் கலாகந்தும் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். கடலைமாவு லட்டு இரண்டு வாரம் ஓடும். சோஹன் ஹல்வா வாரக்கணக்கில் அசையாது. இதெல்லாம் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. தட்டில் ஏற்கெனவே மூன்று நாள் இருந்துவிட்டு வந்தால் நம் வீட்டு ஃபிரிட்ஜ் என்ன செய்யும்?

இங்கேதான் இரண்டு கடைகளும் பிரிகின்றன. தீபாவளி குஜராத்திக் கடைக்கு வருடத்தின் உச்சம். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முன்னதாகவே செய்து, முன்னதாகவே கட்டி, சுவரோரம் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். வேறு வழியும் இல்லை. அப்படி ஒரு கடையில் வாங்கிய பெட்டியில் காஜு கத்லி ஓரம் காய்ந்து, பேடா லேசாகப் புளித்தே போயிருந்தது. அதே வாரத்தில் பாகிஸ்தானிக் கடையில் வழக்கமான வேலைதான் ஓடுகிறது. நம்மவர்களும் பஞ்சாபிகளும் வருவதால் விற்பனை கொஞ்சம் கூடும், ஆனால் சமையலறை திணறாது. தட்டு காலியாகக் காலியாகப் பின்னாலிருந்து புதுத் தட்டு வந்துகொண்டே இருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மை. சாந்த் ராத் அன்று, அதாவது பெருநாளுக்கு முந்தைய இரவு, பாகிஸ்தானிக் கடைக்குள் காலை வைக்க முடியாது. வரிசை தெருவுக்கு வந்துவிடும். கல்லாக்காரருக்கு நின்று பதில் சொல்ல நேரமிருக்காது, நீங்கள் கைகாட்டும் தட்டைவிட அவர் கைக்கு எட்டும் தட்டிலிருந்துதான் வரும். பெருநாள் வருடாவருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போவதால் அந்தத் தேதியைப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. அந்த வாரம் மட்டும் நான் குஜராத்திக் கடைக்காரி.

மற்ற நாள்களில் வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் போகிறேன். ஜும்மா தொழுகை முடிந்து வருபவர்கள் வாங்குவார்கள் என்று அன்று தட்டுகள் புதிதாக நிறைந்திருக்கும். ‘இன்றைக்குச் செய்தது எது?’ என்று கேளுங்கள். எல்லாமே புதுசு என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். நான் போகும் கடையில் இருக்கும் பெரியவர், “கலாகந்த் இன்று வேண்டாம் பாஜி (அக்கா), நாளைக்கு வாங்க, ஹப்ஷி எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை வெட்டி நீட்டுவார். வியாபாரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மற்ற குறைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன். குறைகள் உண்டு. வரிசை ஒழுங்கு கிடையாது, குரல் உயர்ந்தவருக்கு முதல் பெட்டி. காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்காமல் எடை போடுபவர்களும் இருக்கிறார்கள். அட்டைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் சரிசெய்துவிடுவார்கள்.

சுகாதார மதிப்பெண்ணையும் பார்த்துவிடுங்கள். பூஜ்யத்திலிருந்து 5 வரை தருகிறார்கள். வேல்ஸில் கடைவாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒட்டாத கடை என்றால் உணவுத் தர முகமையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். இதில் இரண்டு வகைக் கடைகளிலும் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு.

முந்திரி, பிஸ்தா வகை ஒவ்வாமை உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இரண்டு கடையிலும் தட்டு இனிப்பு வாங்க வேண்டாம். ஒரே இடுக்கிதான் பிஸ்தா பர்ஃபிக்கும் லட்டுக்கும் போய் வருகிறது. கல்யாணத்துக்கு நூறு பெட்டி ஆர்டர் கொடுப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் அந்த அளவுக்கு வாங்கியதில்லை. கிரீம் கேக்கும் அப்படித்தான்; ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிய அன்னாசி கேக் நன்றாக இருந்தது, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நான்கட்டாய் பிஸ்கட்டும் சீரக பிஸ்கட்டும் மட்டும் தைரியமாகச் சொல்வேன், தேநீருக்கு அதைவிட எனக்கு வேறு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை முடியாதவர்கள் சனிக்கிழமை காலை போகலாம். சில கடைகளில் வார இறுதிக்கு மட்டும் ஹல்வா பூரி போடுகிறார்கள்: பூரி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு கரண்டி ரவை ஹல்வா. கொஞ்சம் சீக்கிரம் போங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.