டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வராமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். பில்லைக் கட்டியபின் டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது என்ன வைத்தியம் செய்தார்கள் என்ற சுருக்க அறிக்கை, கேட்டோம். "டைப் ஆகிக்கிட்டு இருக்கு சார், ரிவ்யூவுக்கு வர்றப்ப வாங்கிக்கங்க" என்று மாத்திரைச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ரிவ்யூவுக்குப் போனபோதும் அதே பதில்தான்.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து, அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லியும், என்ன மாத்திரை ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எழுதினார். அப்பா ஏற்கெனவே சாப்பிடும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. இந்த வலி மாத்திரையோ வயிற்றைப் புண்ணாக்கக்கூடியது. மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து அதிகம்.

அப்படியே ஆனது. மலம் தார் போலக் கறுத்துப் போனது, தலைசுற்றல் வேறு. மறுபடி மதுரைக்கு ஓடி, பக்கத்தில் கிடைத்த இன்னொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப்புண்ணிலிருந்து ரத்தம் கசிவது தெரிந்தது.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான். கசிவை நிறுத்த உறைதடுப்பு மாத்திரைகளை நிறுத்த வேண்டி வரலாம். ஆனால் புது ஸ்டென்ட் இருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் அதற்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். "எப்ப வச்சது, எந்த வகை, எந்த ரத்தக்குழாயில? இது தெரியாம எதையும் நிறுத்த முடியாது" என்றார் டாக்டர். அவரே முதல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வரவேற்பில் வார்டுக்கு மாற்றினார்கள், வார்டில் டியூட்டி டாக்டருக்கு; கடைசியில் "நேர்ல வந்து எழுதிக் கொடுங்க" என்று வைத்துவிட்டார்கள். இன்னொரு டாக்டர் உயிர்ப் பிரச்சினைக்காகக் கேட்கிறபோதும் இதுதான் மரியாதை! அதற்குள் எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் மறுபடி எடுத்து, அதற்கும் காசு கட்டினோம்.

தம்பி முதல் ஆஸ்பத்திரியின் கவுண்டரில் ராத்திரி வரை நின்று சம்மரியை வாங்கி வந்தான். சம்மரியில் இருந்தது, அப்பா வீட்டுக்கு வந்த அதே நாளின் தேதி. அத்தனை நாளும் ஃபைலில் சும்மா கிடந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று இரண்டாவது டாக்டர் முடிவு செய்தார்.

அப்பா தேறிவிட்டார். உங்கள் வீட்டில் இப்படி நடக்கக் கூடாது. நோயாளியோ அவர் சார்பில் உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி சொல்கிறது. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், கால்வலிக்கே ஆனாலும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் எடுத்து வையுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். ஆவணம் தர மறுத்தால் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம், நாங்கள் கொடுத்திருக்கிறோம்.