மரம் செதுக்கும் மெஷினில் பிட்டை எது பிடிக்க வேண்டும்: குவிக் சக்கா, ரவுட்டர் காலட்டா, ஈஆர்11-ஆ?

கம்ப்யூட்டர் ஓட்டும் (சிஎன்சி) மெஷினில் இலைக்கொடி ஒன்றைச் செதுக்க விட்டிருந்தேன். மூன்று மணி நேர வேலை. இரண்டாவது மணி நேரம் முடியும்போது மெஷினின் சத்தம் கனத்துப்போனது. போய்ப் பார்த்தால், நடுவில் இருந்த இலை வரை எல்லாம் சரி. அதற்கப்புறம் பள்ளம் சரிந்துகொண்டே போய், கடைசி இலையில் 2 மி.மீ. கூடுதல் ஆழம். பிட் உடையவில்லை, மெஷினை நகர்த்தும் மோட்டாரும் ஸ்டெப் (படி) தவறவில்லை. பிட்டைக் கழற்றினேன், அதன் ஷாங்க்கில், அதாவது பிடிக்குள் போகும் தண்டில், வட்ட வட்டமாகப் பளபளவென்று தேய்ந்த கோடுகள். பிடி நழுவி, பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். 6 மி.மீ. ஷாங்க்கை கால் அங்குல, அதாவது 6.35 மி.மீ. காலட்டில் (நட்டை இறுக்கினால் சுருங்கிப் பிட்டைப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) போட்டு, நட்டைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருந்தேன். கையால் அசைத்தால் அசையவில்லை, அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் இந்தச் சக் (பிட்டைப் பிடிக்கும் பிடி) விஷயத்தில் இறங்கினேன். வீட்டு மெஷின்களில் பொதுவாக வரும் பிடிகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு சமயத்தில் போட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம்: துளை போடும் டிரில்லில் இருக்கும் மூன்று தாடைச் சக். ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் பேடன்ட் எடுத்த அந்த வகை, நேர்க்கீழாக அழுத்தும் வேலைக்கானது. செதுக்கும்போது பக்கவாட்டில் தள்ளும் விசை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடியில் தாடை தளரும். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் அது தளரும்போது பக்கத்தில் நிற்க யாருக்கும் ஆசை இருக்காது.

மீதி இருப்பவற்றை ஒப்பிட இரண்டு கேள்விகள் போதும். பிட் நழுவுமா? சென்டர் அவுட், அதாவது சுற்றும்போது பிட் மையம் விலகி ஆடும் ஆட்டம், எவ்வளவு? முதலாவது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதைப் பலர் நுட்ப வேலைக்காரர்களின் பிடிவாதம் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வெட்டு முனை உள்ள பிட், 16,000 சுற்று, நிமிடத்துக்கு 1000 மி.மீ. நகர்வு என்றால் ஒவ்வொரு முனையும் எடுக்க வேண்டிய சீவலின் தடிமன் சுமார் 0.03 மி.மீ. இப்போது டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) 0.1 மி.மீ. ஆட்டம் காட்டுகிறது என்று வையுங்கள். அந்த ஆட்டம் இரண்டு முனைகளின் திசையில் விழுந்தால், ஒரு முனை மற்றதைவிட 0.1 மி.மீ. வெளியே நிற்கும். 0.03-ஐ எடுக்க வேண்டிய இன்னொரு முனை மரத்தைத் தொடவே தொடாது. காசு கொடுத்து இரண்டு முனை வாங்கி, ஒன்றில் வேலை பார்க்கிறோம். அந்த ஒன்றுதான் இரட்டிப்பு வேகத்தில் மழுங்குகிறது. நுனி 0.5 மி.மீ. மட்டுமே உள்ள கூம்புப் பிட்டில் இந்த ஆட்டம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. நரம்புக் கோடுகள் தடித்து, சில நேரம் நுனியே போய்விடும்.

சரி, குவிக் சக். வெளி வளையத்தை மேலே தூக்கினால் உள்ளே இருக்கும் எஃகு உருண்டைகள் விலகும், பிட்டை மாட்டிய அடாப்டரைச் சொருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஸ்பானர் வேண்டாம், ஐந்து நொடியில் பிட் மாறிவிடும். எனக்கு இதில் இன்றும் பிடித்த விஷயம் வேறு: பிட் அதன் அடாப்டரிலேயே நிரந்தரமாக இருப்பதால், திரும்பப் போடும்போது ஏறத்தாழ அதே நீளத்தில் வந்து உட்காரும். உயரத்தை மறுபடி மறுபடி தொட்டு அளக்கும் வேலை குறைவு.

ஆனால் இதன் பிடி இரண்டு அடுக்கு. பிட்டை அடாப்டரில் பிடிப்பது பக்கவாட்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு), அடாப்டரைச் சக்கில் பிடிப்பது உருண்டை. கிரப் ஸ்க்ரூவின் சுபாவமே ஷாங்க்கை ஒரு சுவரோடு ஒட்டித் தள்ளுவதுதான். துளைக்கும் ஷாங்க்குக்கும் 0.04 மி.மீ. இடைவெளி இருந்தால் மையம் 0.02 விலகும்; டயல் கேஜில் அது 0.04 ஆகக் காட்டும். அதன்மேல் அடாப்டரின் சொந்த ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். புதிதாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. மரத்தூள் உள்ளே போய் எண்ணெயோடு கலந்து களிம்பாகும், உருண்டைகள் உட்காரும் பள்ளம் தேயும், அப்புறம் ஒருநாள் அடாப்டர் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும். பிட்டை இரண்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அந்தச் சக் போய்விட்டது என்று அர்த்தம். கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

கையில் பிடித்து மரம் குடையும் ரவுட்டரையே ஸ்பிண்டிலாக (பிட்டைச் சுற்றும் மோட்டாராக) மாட்டியிருப்பவர்களுக்கு என் பதில் குட்டையானது: சக்கை மாற்றாதீர்கள், காலட்டை மாற்றுங்கள். கையடக்க ரவுட்டர்களின் பேரிங் மோசமில்லை. கெடுப்பது பெரும்பாலும் கால் அங்குலக் காலட்டுக்குள் 3.175 மி.மீ. பிட்டுக்காகப் போடும் பித்தளை உறைதான். உறையில் ஓர் ஆட்டம், காலட்டில் ஓர் ஆட்டம். சரியாக 3.175-க்கே கடைந்த காலட் ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 6 மி.மீ. ஷாங்க்குக்கு 6 மி.மீ. காலட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் இலைக்கொடி அதற்குச் சாட்சி.

இனி ஈஆர்11. ரெகோ-ஃபிக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த காலட் வடிவம். பிறகு டிஐஎன் 6499 என்று ஜெர்மன் தரமாகவே ஆகிவிட்டதால், காலட்டை யார் செய்தாலும் அளவு ஒன்றுதான். பக்கத்துக்கு 8 டிகிரி சாய்வுள்ள கூம்பு. நட்டு இறுக இறுகக் காலட் கூம்புக்குள் போய், சுற்றிலும் சமமாகச் சுருங்கி ஷாங்க்கை நெரிக்கும். ஒரு பக்கம் தள்ளுவது என்ற பேச்சே இல்லை. ஈஆர்11-இல் 7 மி.மீ. வரை போடலாம், ஒவ்வொரு காலட்டும் அரை மி.மீ. வரை சுருங்கும். ஆனால் சுருங்கும் என்பதற்காகச் சுருக்க வேண்டியதில்லை. ஷாங்க்கின் அளவுக்கே காலட் வைத்திருப்பதுதான் நல்ல பிடி.

இதைப் போடுவதில் ஒரு வித்தை இருக்கிறது, முதல் தடவை எல்லோரும் தவறுவார்கள். காலட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டுவிட்டு நட்டைத் திருகக் கூடாது. காலட்டை லேசாகச் சாய்த்து முதலில் நட்டுக்குள் அழுத்த வேண்டும். உள்ளே மையம் விலகிய விளிம்பு ஒன்று இருக்கிறது, அதில் காலட்டின் பள்ளம் ‘க்ளக்’ என்று மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் திருகினால் காலட் கோணலாக உட்காரும், கழற்றும்போது கூம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஷாங்க்கும் காலட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும்.

சின்ன மெஷின்களில், குறிப்பாக 775 என்ற சின்ன மோட்டார் வரும் 3018 (30 × 18 செ.மீ. வேலைப்பரப்பு) வகையில், ஈஆர்11 ஒரு நீட்டிப்புத் தண்டாக வரும். ஒரு முனையில் காலட், மறு முனையில் மோட்டாரின் 5 மி.மீ. தண்டுக்கான துளை, பக்கத்தில் இரண்டு கிரப் ஸ்க்ரூ. கவனித்தீர்களா? குவிக் சக்கில் நாம் திட்டிய அதே கிரப் ஸ்க்ரூ, மேல்மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. காலட் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை, மொத்தத் தண்டும் கோணலாகச் சுற்றும். துளை இறுக்கமாக இருக்கும் தண்டை வாங்கி, அதை மட்டும் சூடேற்றி, மோட்டார் தண்டில் நேராகச் சொருகி ஆறவிடுவதே நல்ல வழி. ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூவை நம்ப வேண்டியதில்லை. சொருகுவதற்கு இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். பாதியில் நின்றால் திரும்ப எடுப்பது பெரும்பாடு, எனவே ஒருமுறை குளிர்ந்த நிலையில் ஒத்திகை பாருங்கள்.

தனி ஸ்பிண்டில்? 65 மி.மீ. விட்டத்தில் ஈஆர்11 கூம்பு தண்டிலேயே கடைந்து வருவது இருக்கிறது. 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று, சத்தமும் ரவுட்டரைவிட எவ்வளவோ குறைவு. இணைப்பே இல்லாததால் ஆட்டத்துக்கு இடமும் குறைவு. ஆனால் எடை சில கிலோ, கூடவே விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின் கருவி) வேண்டும். பிளாஸ்டிக் உருளையில் நகரும் லேசான மெஷினில் அதை ஏற்றினால் சக்கில் மிச்சம்பிடித்ததைச் சட்டத்தின் ஆட்டத்தில் விட்டுவிடுவீர்கள். கனமான சட்டம் இருந்தால் யோசிக்காமல் இதற்கே போகலாம்.

எதை வாங்கும் முன்னும் டயல் கேஜை வைத்து மூன்று இடத்தில் பாருங்கள்: கூம்பின் உள்பக்கம், நட்டுக்குச் சற்றுக் கீழே ஷாங்க்கில், அங்கிருந்து 20 மி.மீ. கீழே. கையால்தான் சுற்ற வேண்டும், பவர் பிடுங்கியிருக்க வேண்டும். கூம்பிலேயே ஆட்டம் இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. எந்தக் காலட்டும் அதைத் திருத்தாது. கூம்பு சரி, ஷாங்க்கில் ஆட்டம் என்றால் காலட் அல்லது அழுக்கு. கேஜ் இல்லையென்றால் கெட்டி மரத்தில் நேர்ப் பிட்டால் ஒரு கோடு ஓட்டி, காலிப்பரால் அகலம் பாருங்கள். 3.175 பிட் 3.3 அகலத்தில் வெட்டினால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

என் மெஷினில் இப்போது இருப்பது சூடேற்றிப் போட்ட ஈஆர்11 தண்டு. பிட் மாற்ற ஒரு நிமிடம் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் உயரம் தொட வேண்டியிருக்கிறது. அதற்கு, பிட் நுனி தொட்டதும் உயரத்தை மெஷினுக்குச் சொல்லும் ஒரு தொடு தகடு வாங்கிக்கொண்டேன். பெட்டியாக வந்த மலிவுக் காலட் செட்டில் நான் தொடுவது மூன்றைத்தான். அதிலும் 3.175-ஐத் தூக்கிவிட்டு ஒரு நல்ல காலட்டைத் தனியாக வாங்கினேன், செதுக்கலில் வித்தியாசம் தெரிந்தது அந்த ஒன்றில்தான். இன்னொன்றையும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்: நீட்டிப்புத் தண்டு போட்டதும் பிட்டின் நுனி பழைய இடத்தைவிடக் கீழே வந்துவிட்டது. தடித்த பலகையை உள்ளே நுழைக்க முடியாமல், மோட்டாரைப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தி மேலே ஏற்ற ஒரு மாலை முழுக்கப் போனது.