மூன்று வருடம் பாவித்த 4ஜி டொங்கிள்

விலை இறங்கிவிட்டது, இப்போது வாங்கலாமா என்று புதுக்குடியிருப்பிலிருந்து நண்பன் கேட்டான். கிளிநொச்சியில் என் ரியூசன் வகுப்பில் இதே டொங்கிளைத்தான் மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். வேகத்தில் குறையில்லை. வைகாசி வெயிலிலும் சூடாகி நின்றதில்லை. என் கோபமெல்லாம் லினக்ஸ் டிரைவரில்தான், அதாவது லினக்ஸ் கணினியில் இதை இயக்கும் மென்பொருளில்தான்.

செருகும் சாதனத்தின் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் டிரைவரைக் கொடுக்கும். இதன் எண் மோடத்தின் கட்டளை வழிகளுக்கான 'ஆப்ஷன்' டிரைவரின் பட்டியலிலும் இல்லை, இணையத்துக்கான கியூஎம்ஐ டிரைவரின் பட்டியலிலும் இல்லை. கணினியைப் போடும் ஒவ்வொரு தடவையும் டிரைவருக்குப் புதிய எண்ணைச் சொல்லும் 'நியூ_ஐடி' கோப்புகளில் எண்ணை எழுத வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் எழுத வேண்டும். எழுதியும் சில நாள் இணையம் வராது. டவரில் பிழை என்றே இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.

கடைசியில் 'ஆப்ஷன்' பட்டியலில் இந்த எண்ணைச் சேர்க்கும் ஒரு வரித் திருத்தத்தை நானே எழுதி லினக்ஸ் கர்னல் குழுவுக்கு அனுப்பினேன். முதல் தடவை திரும்பி வந்தது. அனுப்புபவர் பெயரிட்டு உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி இல்லை, மின்னஞ்சல் செயலி வரிகளில் இருந்த டாப் எழுத்துகளை வெற்றிடங்களாக மாற்றியிருந்தது. சரி, அது என் பிழை. இரண்டாவது தடவை அந்த டிரைவரின் பராமரிப்பாளர், செருகிய சாதனங்களைப் பட்டியலிடும் 'யூஎஸ்பி-டிவைசஸ்' கட்டளை காட்டும் விபரத்தைக் கேட்டார், டொங்கிளுக்குள் தனித்தனி வேலைக்கு இருக்கும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் எதற்கு என்றும் கேட்டார். ஒரு வரிக்கு இவ்வளவு கேள்வியா என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் இரவிரவாக இருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 4ஆம் இன்டர்ஃபேஸ்தான் இணையத்துக்குரியது. அதைக் கியூஎம்ஐ டிரைவர் பிடிக்க வேண்டும், சில நாள் 'ஆப்ஷன்' முந்திப் பிடித்துக்கொண்டிருந்தது. டவரில் ஒரு பிழையும் இருக்கவில்லை! அந்தக் கேள்வி வராவிட்டால் என் வரி அதே கோளாறை எல்லோருடைய கணினிக்கும் கொண்டுபோயிருக்கும். அந்த மனிதருக்கு உண்மையிலேயே நன்றி.

4ஆம் இன்டர்ஃபேஸை 'ஆப்ஷன்' தொடக்கூடாது என்று 'ஆர்எஸ்விடி(4)' போட்டு ஒதுக்கி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். கியூஎம்ஐக்கான வரியைத் தனியாக அனுப்பினேன், அதுவும் சேர்ந்தது. புதிய அடையாள எண்களை, திருத்தங்கள் மட்டும் பெறும் ஸ்டேபிள் கர்னல்களிலும் சேர்ப்பார்கள் என்பதால், வகுப்பிலிருக்கும் பழைய கர்னலுக்கும் அப்டேட்டில் வந்துவிட்டது. இப்போது செருகினால் போதும், பிள்ளைகள் பாடத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மச்சான். எந்த இன்டர்ஃபேஸ் எதற்கு என்று தயாரித்தவர்களுக்கு முதல் நாளே தெரியும். அந்த இரண்டு வரியை அவர்கள்தான் அனுப்பியிருக்க வேண்டும். நீ வேறொன்று பார். என்னுடையதை நான் மாற்றப்போவதில்லை.