பதிப்பகத்துக்கு அனுப்பும் பிரதிக்கு லிப்ரே ஆஃபீஸ் போதுமா?

நாவலை மெய்ப்புப் பார்க்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: பிரதியை ஒழுங்காக அனுப்ப வேர்டைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் போதும். 2010-இல் ஓப்பன் ஆஃபீஸ் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம். மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் (நான் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன், பழக்கதோஷம்).

தமிழில் எழுதுகிறவர்களை முதல் நாளே எரிச்சல்படுத்தும் சமாச்சாரம் ஒன்று இதில் உண்டு. ஸ்டைலில் (தலைப்பு, பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைக்கும் வடிவ அமைப்பு) எழுத்தளவை 12 என்று மாற்றுவீர்கள், திரையில் ஒன்றும் நடக்காது. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று இது தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் மாற்றியது ஆங்கிலத்தின் அளவை! ஆப்ஷன்ஸில் மொழிகள் பக்கத்துக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் ‘காம்ப்ளெக்ஸ்’ பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழ், 12 புள்ளி என்று கொடுங்கள். சரியாகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஸ்டைல்கள்தான். எஃப் 11 அழுத்தினால் அவற்றின் பட்டியல் திரையின் ஓரத்தில் வந்து நிற்கும். அத்தியாயத் தலைப்புகளுக்கெல்லாம் ‘ஹெடிங் 1’ போட்டு, அந்த ஸ்டைலிலேயே ‘முன்னால் புதுப் பக்கம்’ என்று சொல்லிவிட்டால், எண்டர் தட்டித் தட்டி அத்தியாயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் வேலை இல்லை. எஃப் 5-இல் வரும் நேவிகேட்டரில் ஏழாம் அத்தியாயத்தை ஐந்தாவதுக்கு முன்னால் நகர்த்தினால் உள்ளே இருக்கும் பக்கங்களும் கூடவே போகும். பதிப்பகத்தில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோப்பை ஏற்றும்போதும் இந்த ஸ்டைல் பெயர்கள் கூடவே போவதால், தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி வடிவம் கொடுக்க வேண்டியதில்லை. பத்தித் தொடக்கத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டி இடம் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதற்கும் ஸ்டைல் இருக்கிறது.

தேடி மாற்றும் வசதியும் நன்றாக இருக்கிறது. ஔவையார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவையார்’ ஆக்கிவிடுகிறோம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் அகப்படாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடலாம். ஆனால் ‘ஒள’வை எல்லாம் ‘ஔ’வாக மாற்று என்று மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், ஒளியும் ஒளிந்தவனும் சேர்ந்து கெட்டுப்போவார்கள்.

குறை? சந்திப் பிழையை இது கண்டுபிடித்துத் தராது, அதற்கு மனிதக் கண் வேண்டும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்து யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். அதை முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொண்டு வர வேண்டும்.

அனுப்பும்போது ஏ4, நாலு பக்கமும் 1 அங்குல ஓரம், ஒன்றரை வரி இடைவெளி, கீழே பக்க எண், முதல் பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும். பதிப்பகம் வேறு கேட்டால் அவர்கள் சொல்கிறபடி. டெம்மி என்ற புத்தக அளவில் பூ பார்டர் போட்டுப் புத்தகமாகவே வடிவமைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வடிவமைப்பாளர் முதலில் அந்தப் பார்டரைத்தான் அழிப்பார். தமிழில் பெரும்பாலும் ஏஜென்ட் என்று நடுவில் ஆள் கிடையாது, உங்கள் கோப்பு நேராக ஆசிரியர் குழுவின் மேசைக்குத்தான் போகிறது.

உங்களுக்கென்று ஓடிடி (.odt, லிப்ரே ஆஃபீஸின் சொந்த வடிவம்) வடிவில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அவர்களுக்கு டாக்எக்ஸ் (.docx, வேர்டின் வடிவம்) ஆகச் சேமித்து அனுப்புங்கள். கூடவே ஒரு பிடிஎஃப். அங்கே எழுத்து ஏதாவது உடைந்து தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.