புலிகுத்திக்கல்லா, போர்க் கல்லறையா?

வீரர் நினைவிடம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கொங்கு நாட்டில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

செலவு: புலிகுத்திக்கல், அதாவது புலியோடு மோதி இறந்த வீரனுக்கு நட்ட நடுகல், பக்கத்து ஊர்த் தோட்டத்து ஓரத்திலேயே இருக்கும். போர்க் கல்லறை இருக்கும் சென்னை நந்தம்பாக்கத்துக்கு ரயில் ஏற வேண்டும்.

பராமரிப்பு: இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த, தொடர்ந்து பேண முடியாத கல்லறைகளைச் சேர்க்கவே 1952இல் நந்தம்பாக்கம் போர்க் கல்லறை அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 850 பேருக்கு மேல் அங்கே துயில்கிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல்; எனக்கு அதுதான் பிடித்தது. நம்மூர்க் கல்லுக்கோ ஊரார் பூசைதான் காவல்.

தகவல்: அங்கே பெயர், படைப்பிரிவு, தேதி. இங்கே பலவற்றில் எழுத்தே கிடையாது, வீரனும் புலியும்தான்.

உலகப்போர் வரலாறு வேண்டுமென்றால் சென்னை. மாட்டுப் பட்டி காக்கப் புலியோடு மோதியவன் கதை வேண்டுமா? சரி, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.